இன்றைக்கு மட்டும் நிற்காதே

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் நின்னு தொலைக்காதே சாமி," என்று ஏகநாதன் மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மோட்டார் உம்மென்று கிடந்தது. காலையிலிருந்து அதை அவன் ஓட்டவே இல்லை. ஓடாத மோட்டார் நிற்க முடியாதல்லவா? அதுதான் அவனுடைய திட்டம்.

மஞ்சூருக்கு மேலே இருக்கும் மேல்கரை எஸ்டேட்டின் இன்ஜினியர் அவன். கீழ்க்காட்டில் பறிக்கும் தேயிலைக் கொழுந்தை மேலே ஃபேக்டரிக்குக் கொண்டுவர ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ரோப்வே போட்டான். பள்ளத்துக்குக் குறுக்கே இரும்புவடம், அதில் தொங்கும் ஒரு தொட்டி, மேல் முனையில் மோட்டார், கீழ் முனையில் வடம் சுற்றித் திரும்பும் பெரிய சக்கரம். சங்கதி அவ்வளவுதான். ஆனால் ஃபோட்டோவில் பார்த்தால் சுவிட்சர்லாந்து கெட்டது போங்கள். சிறந்த பொறியியல் திட்டங்களுக்குக் கோவையில் ஒரு சங்கம் கொடுக்கும் விருதுக்கு அந்த ஃபோட்டோவைத்தான் அனுப்பியிருந்தான். முதல் சுற்றில் தேறியும் விட்டது. இன்றைக்கு நடுவர் நேரில் வருகிறார்.

ஃபோட்டோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ரோப்வே தினமும் நின்றுபோகும்.

முதலில் காலையில் ஒரு தடவைதான் நின்றது. பெல்ட்டை மாற்றினான். அப்புறம் மத்தியானமும் நின்றது. இன்னும் வேகமான புது மோட்டாரைக் கோவையிலிருந்து வரவழைத்துப் போட்டான். சாயங்காலமும் சேர்த்து நின்றது. விசித்திரம் என்னவென்றால், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் அவன் எதைத் தட்டிக்கொண்டிருந்தானோ அதுதான் கோளாறு என்று முடிவு செய்துகொள்வான். ஒரு நாள் ஸ்விட்சை ஊதியதும் ஓடியது. இன்னொரு நாள் சூடம் காட்டியதும் ஓடியது. அன்றிலிருந்து ஸ்பேனரோடு சூடமும் டூல்பாக்ஸில் ஏறிவிட்டது.

விருது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். கம்பெனிக்கு இரண்டு ஃபேக்டரி, இரண்டு இன்ஜினியர். அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் போதும் என்று தலைமை ஆபீஸ் முடிவெடுத்திருந்தது. இன்னொருவர் பெரிய முதலாளிக்கு மச்சினன். "விருதோட வா, உனக்காக நான் சண்டை போடறேன். வெறுங்கையோட வந்தா என்னால ஒண்ணும் முடியாது," என்று மேனேஜர் பிரைட்டன் சொல்லிவிட்டார்.

காலையில் அவன் மனைவி ஜெயஸ்ரீ இட்லித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, பரிசு வந்துருமுங்களா? இல்ல, நான் ஊட்டுச் சாமானைக் கட்ட ஆரம்பிக்கட்டுங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பரண்மேலிருந்த அட்டைப்பெட்டிகள் கீழே இறங்கியிருந்ததை ஏகநாதன் பார்த்துவிட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

"என்னய்யா, இன்னும் ஓட்டலையா?" பிரைட்டன் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "கீழ கொழுந்து மூட்டை மூட்டையாக் குவிஞ்சு கெடக்காம். சூடு ஏறிப் போச்சுன்னா அத்தனையும் குப்பை."

"நடுவர் வந்ததும் போட்டர்றேனுங்க சார்."

"அவர் கார் பனியில நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருக்கு. அவர் வர்றதுக்குள்ள கொழுந்து வெந்துரும். போடுய்யா!"

வேறு வழியில்லாமல் ஆபரேட்டர் வீரையாவைப் பார்த்துத் தலையசைத்தான். வீரையா ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, வடம் நகர்ந்தது. அதே நொடியில் வாசலில் ஹாரன் கேட்டது.

நடுவர் ராஜரத்தினம் காரிலிருந்து பகுதி பகுதியாக இறங்கினார். முதலில் தொப்பை, அப்புறம் குரங்குக் குல்லா, கடைசியில் ஆள். முப்பது வருஷம் ரோப்வே வேலையிலேயே ஊறி ஓய்வுபெற்றவர்.

"பள்ளம் எங்கே?" என்றார்.

"அதோ அங்கதானுங்க சார்," என்று ஏகநாதன் காட்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம்தான் இருந்தது. வடம் அதற்குள் போய் மறைந்தது.

"சரி, இதனால என்ன லாபம்?"

ஏகநாதன் மனப்பாடம் செய்திருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தான். "முன்னெல்லாம் பொம்பளையாளுக பத்து மணிக்கு மூட்டையத் தூக்கிட்டு மேல ஏறி வருவாங்க சார். எடை போட்டு, இங்க உக்காந்து டீ குடிச்சு, பேசிப்போட்டு இறங்குவாங்க. மத்தியானமும் அப்படித்தான். இப்ப ஏறவே வேண்டியதில்லைங்க. கீழயே எடை, கீழயே வேலை."

"டீ பிரேக்கையே எடுத்துட்டோம் சார்," என்று பிரைட்டன் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

"ம்," என்றார் ராஜரத்தினம். நேற்று வழியில் விட்டிருந்த காலித் தொட்டி மேலே வந்து நின்றது. அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் காலைத் தூக்கி வைத்தார்.

"சார்! ஆள் ஏறக்கூடாதுங்க சார்!"

"நான் ஏறாத ரோப்வேக்கு நான் மார்க் போட்டதில்லை தம்பி. ஓட்டுங்க."

வீரையா ஏகநாதன் முகத்தைப் பார்த்தார். அவன் பிரைட்டன் முகத்தைப் பார்த்தான். பிரைட்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தாகப் போகிறது. நடுவரோடு தொட்டி புறப்பட்டது. குல்லா மட்டும் சிறிது நேரம் தெரிந்தது, பிறகு அதையும் பனி விழுங்கிவிட்டது.

வடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஏகநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

வடம் மெதுவானது. இன்னும் மெதுவானது. மோட்டார் ஒரு முனகல் முனகி, பாரம் தாங்காமல் தானே அணைந்து ட்ரிப் ஆனது.

"போச்சு," என்றார் வீரையா.

பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டினாலாவது ஆள் இருக்கிறார் என்று தெரியும்.

ஏகநாதன் ஸ்விட்சை ஊதினான். மறுபடி போட்டான். ட்ரிப். பெல்ட்டைத் தட்டினான். ட்ரிப். சூடத்தைக் கொளுத்தினான். காற்று அதை அணைத்தது.

"வலுவா இழுத்துப் பாக்கலாமுங்களா?" என்று அவனே கேட்டு, அவனே ட்ரிப் அளவை ஏற்றி வைத்தான். மோட்டார் காட்டெருமை மாதிரி முக்கியது. வடம் விண்ணென்று இறுகி, ஒரு துள்ளு துள்ளி, அப்படியே பின்னால் சரிந்து நின்றது.

"ஏய்ய்ய்!" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"உசுரோட இருக்காரு," என்றார் வீரையா.

"கீழ ஃபோன் போடுய்யா!" என்று பிரைட்டன் கத்தினார். சிக்னல் இல்லை. ஏகநாதன் பள்ளத்தின் விளிம்பில் நின்று, "ஆண்டாயீ! அம்மா! கேக்குதுங்களா?" என்று தொண்டை கிழியக் கூவினான். கீழ்க்காட்டு மேஸ்திரி ஆண்டாயிக்கு அது கேட்ட மாதிரி தெரியவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

"ஏகநாதா," பிரைட்டன் இப்போது கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். "ஒரு நடுவரை அந்தரத்துல தொங்க விட்டிருக்கோம். விருதை விடு. நாளைக்குப் பேப்பர்ல வரும். எனக்கும் சேர்த்து வேலை போகும்."

ஏகநாதனுக்கு அட்டைப்பெட்டிகள் ஞாபகம் வந்தன. கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரத்தில் ஸ்பேனரை எடுத்து மோட்டார் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

மோட்டார் ஓடியது!

"ரிவர்ஸ்! ரிவர்ஸ் போடுங்கண்ணா!"

பனிக்குள்ளிருந்து குல்லா மெல்ல மெல்ல வெளியே வந்தது. ராஜரத்தினத்தின் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். ஏகநாதன் அவர் காலில் விழுந்துவிடலாமா என்று யோசித்தான்.

"தம்பி," என்றார் ராஜரத்தினம், குல்லாவைப் பிழிந்துகொண்டே. "அது எப்படி நின்னுச்சு?"

"மன்னிச்சுருங்க சார்..."

"மன்னிப்பா? நான் பார்த்த ரோப்வே எல்லாம் பாரம் அதிகமானா வெடுக்குன்னு நிக்கும். தொட்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். இது மெத்தையில உக்கார வெச்ச மாதிரி நின்னுச்சு. என் எடையைத் தானே உணர்ந்து, துளி குலுங்காம நிறுத்திருச்சு. அப்புறம் இழுத்துப் பாத்தும் அசைய விடலை. இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை நான் எங்கயும் பாத்ததில்லை. யார் டிசைன் இது?"

ஏகநாதன் திகைத்துப் போனான். அப்படி எந்த ஏற்பாட்டையும் அவன் கனவில்கூடச் செய்யவில்லை.

"என்... என்னோடதுதானுங்க சார்," என்று வாய் சொல்லிவிட்டது.

"மோட்டார்ல இல்லை அது. கீழ்ச் சக்கரத்துலதான் இருக்கணும். வாங்க, பாத்துருவோம்."

ஜீப்பில் கீழே போகிற வழியெல்லாம் ஏகநாதன் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தான். ஏதாவது ஒன்றில் ஜீப் நின்றால் தேவலை போலிருந்தது. அது நிற்கவில்லை.

கீழ்க்காட்டில் ஆண்டாயியும் மற்றப் பெண்களும் சமர்த்தாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் பெரிய சக்கரத்தைச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே?"

"பனிங்க சார்," என்றாள் ஆண்டாயி.

"ஒண்ணும் தெரியலையே. எங்க மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"அது... ரகசியமுங்க சார்."

"நல்லது. காட்ட வேண்டாம், நிறுத்திக் காட்டுங்க போதும். மூட்டையை அதிகமா ஏத்துங்க. அது நின்னா முதல் பரிசு உங்களுக்குத்தான். நிக்கலைன்னா நான் என் வழியில போறேன்."

மேலிருந்து தொட்டி இறங்கி வந்ததும் மூட்டைகளை அதில் திணித்தார்கள். மேலே இருக்கும் வீரையாவுக்கு மணி அடித்தார்கள். வடம் நகர்ந்தது.

ஆறு மாதமாக நிற்காதே நிற்காதே என்று கெஞ்சியவன் இப்போது நின்றுவிடு தாயே என்று வேண்டினான். அந்தப் பாழாய்ப்போன ரோப்வே அன்றைக்குப் பார்த்து என்னமாய் ஓடியது என்கிறீர்கள்! அத்தனை பாரத்தையும் பஞ்சுபோலத் தூக்கிக்கொண்டு போனது. வடத்தில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

"நிக்கலையே தம்பி," என்றார் ராஜரத்தினம். முகம் வாடிவிட்டது.

"இருங்க சார், இப்ப நின்னுரும்."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

பிரைட்டன் பல்லைக் கடிப்பது ஏகநாதனுக்குக் கேட்டது. "எங்க ஊடே இதை நம்பித்தானுங்க சார் இருக்குது," என்று அவன் சொல்ல நினைக்காததைச் சொல்லிவிட்டான். குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆண்டாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, காட்டெருமை! அந்தப் பக்கம் பாருங்க, காட்டெருமை!" என்று திடீரென்று அலறினாள்.

எல்லோரும் துள்ளித் திரும்பினார்கள். ராஜரத்தினம் பிரைட்டனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பனிக்குள் உற்று உற்றுப் பார்த்தார்கள். எருமையும் இல்லை, எறும்பும் இல்லை.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது வடம் மெதுவாகிக்கொண்டிருந்தது. இன்னும் மெதுவானது. துளி குலுங்காமல் நின்றது.

"பிரமாதம்!" ராஜரத்தினம் ஏகநாதனைக் கட்டிக்கொண்டார். "முதல் பரிசு உனக்குத்தான்யா! அடுத்த வாரம் கமிட்டி மொத்தமும் பாக்க வரும். அவங்களுக்கும் இதே மாதிரி நிறுத்திக் காட்டிட்டா வேலை முடிஞ்சுது. ஓடுறதை யாரும் கேக்க மாட்டாங்க, நிக்குறதுக்குத்தான் பரிசே!"

பிரைட்டனும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி உன்னை எவன் அனுப்புறான்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு நடுவரை ஜீப்புக்கு அழைத்துப் போனார்.

ஏகநாதன் தனியாகச் சக்கரத்தின் முன்னால் நின்றான். சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஜெயஸ்ரீயிடம் பெட்டிகளைப் பரணில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஆனால் இது எப்படி நின்றது என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. குனிந்து உள்ளே பார்த்தான்.

ஆண்டாயி அவனை நாசூக்காக ஒதுக்கிவிட்டுச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை விட்டாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த படங்குச் சாக்கு ஒன்றை இழுத்து எடுத்தாள். பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்றாவதும் வந்தது. அவற்றை நன்றாகப் பிழிந்து, உதறி, ஒன்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். மேலே வீரையா ஸ்விட்சைப் போட்டுக்கொண்டே இருந்தார் போலும், வடம் நகர ஆரம்பித்தது.

"எங்க பத்து மணி டீய மேனேஜர் தொரைகிட்டச் சொல்லித் திரும்ப வாங்கிக் குடுத்துருங்கய்யா," என்றாள் அவள். "இல்லாட்டி அடுத்த வாரம் அந்தக் கமிட்டி வர்ற அன்னைக்கு, உங்க மிஷினு நிக்காம ஓடும்."