இன்னும் வைரம் பாயலை

விருதுநகரிலிருந்து சாத்தூர் வரைக்கும் எந்தப் பெரிய மரத்தடியிலும் இந்த இனத்தைப் பார்க்கலாம். நிழலுக்கு ஒதுங்கியவர் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். என்ன பாசம் என்று நெகிழவும் வேண்டாம். சுற்றளவு எடுக்கிறார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வைரம் பாயட்டும்' ஆசாமி. அடிமரத்தின் நடுவில் கருத்து இறுகி, ஆணி இறங்காத உறுதி வருகிறதே, அதைத்தான் வைரம் பாய்வது என்கிறோம். உலகத்தில் எந்த மரத்துக்கும் அது பாய்ந்து முடிந்ததாக இவர் ஒப்புக்கொண்டதில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் புளியமரங்களைக் கன அடியாக மாற்றிக்கொண்டே வருவார், கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டில் காலைத் தட்டிப் பார்ப்பார், துக்க வீட்டுக்குப் போனாலோ பாடையில் கட்டிய மூங்கிலைப் பார்த்து, "அவசரப்பட்டு வெட்டிப்புட்டாக" என்று கண் கலங்குவார். செத்தவர் அவருக்கு அப்புறம்தான்.

எனக்குத் தெரிந்த அசல் மாதிரி நாரணாபுரம் சோலைச்சாமி. தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். எங்கோ நடந்த ஒருநாள் மரம் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார். எல்லாரும் தொப்பியும் தக்காளி சாதமும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இவர் வனப் பொருளாதாரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பிளக்ஸ் பேனரையும் கேட்டு வாங்கி வந்தார். அந்தப் பேனரை மறந்துவிடாதீர்கள்.

"மரம் நிக்கிற வரைக்கும் வட்டி போடுது. வெட்டுன அன்னைக்கு அது வெறும் பலகை. எப்ப வெட்டணும்னு கண்டுபிடிக்கிறதுதாம்வே ஆராய்ச்சி" என்பார். கண்டுபிடித்தாரா? அந்த நாள் இன்னும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

சோதனைச் சாலை, அவர் வீட்டு வாசல் வேம்பு. நல்ல மரம். வீடு கட்டும்போதே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் கதவு அந்த மரத்தில்தான் என்று முடிவாகிவிட்டது. நிலை வைத்தார்கள், பூசினார்கள், பால் காய்ச்சினார்கள். கதவு மட்டும் வாசலில் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது. அதுவரைக்கும் இருக்கட்டுமே என்று பயிற்சியில் வாங்கிய பேனரை இரண்டாக வெட்டி, இரண்டு வாசலிலும் தொங்கவிட்டார். முன்வாசலில் 'மரம் வளர்ப்போம்', பின்வாசலில் 'வளம் பெறுவோம்'. விருந்தாளிகள் மரம் வளர்ப்போமைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாய்கள் வளம் பெறுவோம் வழியாக வந்தன.

கதவு இல்லையென்றால் பூட்டு இல்லை. பூட்டு இல்லையென்றால் வீட்டுக்கு எப்போதும் ஓர் ஆள் காவல் வேண்டும். அவர் மனைவி ராமுத்தாயும் மகள் ரோஜாவும் விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குச் சேர்ந்து போனதே கிடையாது. ஒரு வருஷம் அம்மா பொருட்காட்சி பார்த்தாள், அடுத்த வருஷம் மகள் பார்த்தாள். ராட்டினத்தில் பக்கத்து இடம் எப்போதும் யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்குத்தான்.

எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டால் சோலைச்சாமியிடம் பதில் தயார். வளர்பிறையில் வெட்டினால் உளுத்துப்போகும். தேய்பிறையில் எல்லாரும் வெட்டுவார்கள், அறுப்பு மில்லில் கூட்டம். ஆடி ஆகாது. அதற்கப்புறம் தீபாவளி சீசன், லாரியெல்லாம் பட்டாசு லோடுக்குப் போய்விடும். கார்த்திகையில் மழை, மரம் ஈரம். தை பிறந்தால்? தை பிறந்தால் மரம் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும், அதைப் போய் வெட்டுவார்களா?

ரோஜாவுக்கு மாப்பிள்ளை சாத்தூரில் அமைந்தது. கல்யாணமும் அங்கேயே மண்டபத்தில். நாள் குறித்த அன்றுதான் ராமுத்தாய் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தெருவே வேன் வைத்து வருகிறது. அப்படியானால் வீட்டுக்குக் காவல் யார்? ஆசாரி முனியராஜைக் கூட்டி வந்து மரத்தடியில் நிறுத்தினாள்.

அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அருமையான மரம். இப்ப சொன்னீகன்னா கல்யாணத்துக்குள்ள கதவ மாட்டிரலாம்" என்றார்.

சோலைச்சாமி டேப்பைச் சுற்றினார். "ரெண்டு இஞ்சு பத்தலையே. இன்னும் வைரம் பாயலை."

"மகளுக்கு நாள் குறிச்சாச்சு. ஒங்க மரத்துக்கு எப்பய்யா குறிப்பீக?" என்றாள் ராமுத்தாய்.

"அவசரத்துல வெட்டுனா எம்புட்டு நட்டம் தெரியுமா?"

"அப்பச் சரி. நட்டப்படாம நீங்களே வீட்டுல இருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் விளையாடவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலையில் வேன் கிளம்பியது. ரோஜா ஜன்னல் வழியாக, "அப்பா, நீங்களும் வாங்கப்பா. திருடன் வந்தா வந்துட்டுப் போறான்" என்று அழுதாள். அவர் ஓர் அடி முன்னே வைத்தார். பிறகு மரத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், உள்ளே இருந்த இலவசக் கலர் டிவியைப் பார்த்தார். "நீ போம்மா, நான் பின்னாலயே வாரேன்" என்றார். எப்படி வருவார்?

தாரை வார்த்துக் கொடுக்கும் இடத்தில் தாய்மாமன் சின்னச்சாமி நின்றார். முகூர்த்த நேரத்தில் அவர்தான் செல்போனை மேளக்காரர் பக்கம் நீட்டினார். நாரணாபுரத்தில் ஆளில்லாத தெருவில், வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு, காதில் கெட்டிமேளம் கேட்ட சோலைச்சாமி உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவை அள்ளிக் காற்றில் போட்டு மகளை வாழ்த்தினார். அழுதும்விட்டார். அவரைக் கேலி செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தபோது பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோவும் வந்தது. மொய்ப் பணத்தில் ராமுத்தாய் இரண்டு இரும்புக் கதவு வாங்கியிருந்தாள், பச்சை பெயிண்ட் அடித்தது. பொழுது சாய்வதற்குள் மாட்டியாகிவிட்டது. சாயங்காலம் முன்வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை முன்னே போக, மகளும் தானுமாகச் சேர்ந்து கோயிலுக்குக் கிளம்பினாள். ரோஜா திரும்பிப் பார்த்து, "அப்பா, இப்பமாவது வாரீகளா?" என்றாள்.

சோலைச்சாமி மரத்தடியில் இருந்தார். டேப் கையில் இருந்தது. அந்த இரண்டு இஞ்சும் ஏறிவிட்டது என்று அவரே சொன்னார். விருந்துக்கு வந்திருந்த நான், அப்படியானால் வெட்டிவிடலாமே என்றேன்.

"என்னவே வெவரம் இல்லாம பேசுதீரு? அதான் கதவு போட்டாச்சே. இனிமே என்ன அவசரம்? இன்னும் ரெண்டு வருஷம் நிக்கட்டும்" என்றார். கோயிலுக்குப் போனவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வாசலில் வேப்பமரம் இருக்காது, எனக்குத் தெரியும். பீரோவில் மடிப்புக் கலையாத பட்டு இருக்கிறதா? ஸ்டிக்கர் உரிக்காத எவர்சில்வர் அடுக்கு? பாலித்தீன் உறையோடு சோபா? பரவாயில்லை, அவையெல்லாம் சின்ன மரங்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளையிடம் போன வாரம், "நீ போ, நான் பின்னாலயே வாரேன்" என்று சொன்னீர்களே, அதற்கு எத்தனை இஞ்சு பாக்கி?