மறுப்புக்கு அறுபது மதிப்பெண்

மாணவர்கள் குழுவாக வேலை செய்யும்போது வாயே திறப்பதில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் கவலை வந்தது. உடனே ஆய்வுக்குழு அமைந்தது. அதிலும் யாரும் வாய் திறக்காததால் முடிவு ஒருமனதாயிற்று: இனிக் கட்டடப் பொறியியல் குழுத்தேர்வில் மாதிரிப் பாலத்துக்கு நாற்பது மதிப்பெண், அது குழுவுக்குப் பொது. உறுதியாகப் பேசுவதற்கு அறுபது. அது அவரவர் பாடு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

உறுதியை அளக்கவும் பேராசிரியர் வழி கண்டார். கண்ணைப் பார்த்து "முடியாது" என்றால் முழு உறுதி. தரையைப் பார்த்துச் சொன்னால் பாதி. "சரி" என்றால் பூஜ்யம்.

ஒரு குழுவில் நான்கு பேர். தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட தலைவன், கண்ணாடிக்காரன், நெட்டச்சி. நாலாவது, எதற்கும் சரி சொல்லியே பெயரை இழந்த சரியக்கா. பேராசிரியர் மூலையில் உட்கார்ந்து கவனித்தார்.

"அட்டை வெட்டணும். யாரு?" என்றான் தலைவன்.

"என்னால முடியாது," என்றாள் நெட்டச்சி.

"அருமை!" என்றார் பேராசிரியர்.

"பாரம் தாங்குமான்னு கணக்குப் போடணுமே?"

"முடியாதுப்பா. கேக்கவே கேக்காதே," என்றான் கண்ணாடிக்காரன்.

"அபாரம்!" பேராசிரியரின் பேனா துள்ளியது.

"அப்ப நீ?" என்று சரியக்கா தலைவனைக் கேட்டாள்.

"முடியாது. நான் தலைவன், வேலையும் செஞ்சா மரியாதை போயிடும்."

"சரி," என்றாள். பூஜ்யம்.

மூன்று வாரம் அவள் விரலெல்லாம் பசை. முடிந்த பாலத்தின்மேல் பேராசிரியர் தடித்த புத்தகங்களாக அடுக்கினார். பாலம் முனகக்கூட இல்லை. நாற்பதுக்கு நாற்பது. மூவர் நூறு வாங்கினார்கள்; அவள் நாற்பதோடு நின்றாள்.

"சார், கட்டினதே நான்தான். இதுல தேறலேன்னா எனக்குப் பட்டம் இல்ல."

"நல்ல பாலம்தாம்மா. ஆனா அதை ஏன் நீ கட்டினே? அங்கதான் கோட்டை விட்டே."

"யாராவது கட்டணுமே சார்?"

"பாத்தியா, இப்பவும் கேள்வியாத்தான் வருது."

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். "இந்த மதிப்பெண்ணை என்னால ஏத்துக்க முடியாது."

பேராசிரியர் முகம் கறுத்தது. "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது? உறுதியெல்லாம் குழுவோட வச்சுக்க. அடுத்த வருஷம் வா."

வந்தாள். கேட்டதற்கெல்லாம் முடியாது என்றாள். புதுக்குழுவில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தேர்வு நாளில் மேசைமேல் பாலம் இல்லை. ஜன்னல் வெயில் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. அறுபது. தேர்ச்சி.

"இப்பத்தாம்மா நீ பொறியாளர்," என்றார் பேராசிரியர், கண் கலங்க.

நூறு வாங்கிய மூவருக்கும் பாலங்கள் கட்டும் துறை வேலை கொடுத்தது. ஆற்றுப்பாலம் அவர்கள் பொறுப்பில் எழுந்தது. திறப்பு விழாவுக்கு முதல்நாள் தலைவன் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, பாலத்து நடுவுல ஒரு விரிசல். கொஞ்சம் வந்து கணக்கைப் பாரேன்."

"யாரு போட்ட கணக்கு?"

"யாருமே போட முடியாதுன்னுட்டாங்க."

அவளுக்குத் தொண்டைவரை ஒரு "சரி" வந்தது. எவ்வளவோ செலவழித்துக் கற்ற கல்வி அதைத் தடுத்தது.

"முடியாது," என்றாள்.

மறுநாள் பாலத்தைத் திறந்தார்கள். தினமும் நாம் அதன்மேல்தான் போய்வருகிறோம். நடுவில் பேருந்து ஒரு குலுங்கு குலுங்கும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, ஆறு எவ்வளவு அழகு என்று பார்க்கத் தொடங்குவோம்.