ஐயாயிரம் கிலோமீட்டர் பத்தியம்

இனிமேல் நேர்கோட்டில் வாழ்வதில்லை என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று முடிவு செய்தார்.

அவர் கஷ்டம் அவருக்கு. இருபத்தாறு வருஷமாக அவர் வேலையே மேலே போவதும் கீழே வருவதும்தான். கட்டடம் கட்டடமாக ஏறி, கம்பிக் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, மூடுகிற கதவில் கையை நீட்டினால் மரியாதையாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். இருபது மாடி ஏறினாலும் ஒரு வளைவு கிடையாது. பன்னிரண்டு பேர் ஏறும் லிஃப்டில் பதினான்கு பேர் நின்றால் மட்டும் கொஞ்சம் சுவாரசியம். அதற்கென்றே அவர் ஒரு வசனம் வைத்திருந்தார்: “எழுத்து தெரியும்ல? படிச்சுப் பாத்துட்டு ஏறக்கூடாதா?”

ஊருக்கு மேற்கே, அணைக்கட்டுக்குப் போகும் மலைப்பாதையில் முப்பத்திரண்டு வளைவுகள் இருந்தன. பதினைந்து வயதில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவை. ஒருநாள் நல்ல கார் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பக்கத்தில் பின்னால் யாரும் இல்லாமல், அந்த முப்பத்திரண்டையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

காரும் அகப்பட்டது. ஸ்போர்ட்ஸ் செடான். சிவப்பென்றால் சிவப்பு, அப்படி ஒரு சிவப்பு. ஆறு கியர், அதுவும் கையால் போடுவது. சாவியைத் திருகினால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கும் மாமனாரைப் போல ஒரு உறுமல். அதில் நாலு கதவு இருந்ததுதான் அவருக்குக் கிடைத்த பிடி.

“குடும்ப வண்டி,” என்றார் மனைவியிடம். “நாலு கதவு இருக்கு பாரு.”

“எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்கும்தான் கதவு இருக்கு. அது குடும்ப வண்டியா?”

“உங்கம்மா பின்னாடி கால் நீட்டி உக்காரலாம்.”

“எங்கம்மாவை நீங்க ஏத்திக்குவீங்களா?”

“என்ன கேள்வி இது? எங்க வேணாலும் கூட்டிட்டுப் போவேன்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்? மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஜீவன் அவள்தான். அவர் முகத்தையும் அப்படியே படித்தாள், “சரி, வாங்குங்க” என்றாள். அங்கேயே நம்மவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வண்டி வந்த சாயங்காலம் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் சின்னக் கூட்டம். கூட்டம் என்றால் கீழ்வீட்டுப் பல் டாக்டர். அவர் வாயைத் திறந்து நிற்க, நம்மவர் பானெட்டைத் திறந்து நின்றார். மனைவி பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

“சார், நீங்க அதைப் படிச்சிட்டீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“கையேடா? மீன்குஞ்சுக்கு யாராவது புஸ்தகம் கொடுப்பாங்களா டாக்டர்? எல்லாம் இங்க இருக்கு,” என்று நெற்றியைத் தட்டினார். உண்மையில் எழுத்து ரொம்பப் பொடி. படிக்கும் கண்ணாடி இல்லாமல் எறும்பு ஊர்வது மாதிரிதான் தெரிந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் முதல் நாளே மூக்கில் கண்ணாடியை மாட்டுவதா? அதற்கு அவர் மானம் இடம் கொடுக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை மலைக்கு விடறேன் பாருங்க,” என்று குரலைத் தாழ்த்தினார். “தனியா. முப்பத்திரண்டு வளைவு. ஒவ்வொண்ணையும் அப்படியே...” கையை வளைத்துக் காட்டினார்.

புது வண்டியில் ஒலி வெளியே போகாது என்று விற்றவன் சொல்லியிருந்தான். உள்ளே வராது என்று சொல்லவில்லை.

“என்னங்க,” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “புது எஞ்சினுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் பத்தியம் இருக்காமே, தெரியுமா?”

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் எதிரில் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“தெரியாமலா? ரன்னிங் இன்.”

“ஐயாயிரமா?” டாக்டர் தலையைச் சொறிந்தார். “என் வண்டிக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறுன்னுதானே...”

“டாக்டர், உங்களுது பால் கேன். இது ஸ்போர்ட்ஸ் எஞ்சின். பிஸ்டனும் சிலிண்டரும் புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி. ஒண்ணோட ஒண்ணு உரசி, விட்டுக் கொடுத்து, பதம் வரணும். ஆரம்பத்துல அவசரப்பட்டா ஆயுசுக்கும் தகராறு. ஐயாயிரமே கம்மி!”

“எவ்வளவு அழகாச் சொல்றீங்க!” என்றாள் மனைவி. “வேகம் கூடாதாம். திடீர் பிரேக் கூடாதாம். மலையேத்தம் கூடவே கூடாதாம். சும்மா நிறுத்தியும் வெக்கக் கூடாதாம். அப்புறம்... நாலு சீட்டுலயும் ஆள் இருந்தா ரொம்ப நல்லதாம்.”

“ஆமாமா. சஸ்பென்ஷன் சமமா உக்காரணும்.”

வாய்தான் அவருக்குச் சத்துரு. அவரே காரணம் கண்டுபிடித்தார், அவரே நம்பினார். கையேடு அன்றிலிருந்து மனைவியின் தலையணை அருகே குடியேறியது.

ராத்தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆபீசுக்குப் போக வர பன்னிரண்டு கிலோமீட்டர். இப்படி ஓட்டினால் ஐயாயிரம் முடிய ஒன்றரை வருஷம். அதற்குள் முழங்கால் போய்விடும். கிலோமீட்டர் வேண்டும். எங்கே கிடைக்கும்? சொந்தபந்தங்களிடம்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். பதினேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நம்மவர் ஒரு வேலையும் செய்யாமல் தப்பித்தது ஒரே மந்திரத்தால். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமா, கொழுந்தியாளைப் பார்க்கப் போக வேண்டுமா, மகளை நீச்சலுக்கு விட வேண்டுமா, உடனே செல்போனைக் காதில் வைத்து, “என்னது, லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்களா? இதோ வரேன்!” என்று கிளம்பிவிடுவார். அவர் கணக்குப்படி அந்த ஊரில் பாதிப் பேர் எப்போதும் லிஃப்டுக்குள்தான் இருந்தார்கள்.

இப்போது லிஃப்டில் ஒருவரும் மாட்டவில்லை. மாட்டினாலும் அந்தக் கட்டடம் ஆறு கிலோமீட்டர்தான். மாமியாரின் முழங்கால் பயிற்சி நிலையம் இருபத்திரண்டு.

“அத்தை, இன்னைக்குப் பிசியோதெரபி இல்லையா?”

“நேத்துதானே மாப்ளே போயிட்டு வந்தோம்?”

“வலி எப்படி இருக்கு?”

“இப்ப தேவலாம்.”

“அப்படி அலட்சியமா விடக்கூடாது அத்தை. வாரம் மூணு தடவை போனாத்தான் நல்லது. கிளம்புங்க.”

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “என் பொண்ணு சொல்றப்பல்லாம் நான் நம்பலை மாப்ளே. தங்கமான மனுஷர் நீங்க.” பொண்ணு அப்படி எப்போதாவது சொல்லியிருப்பாளா என்று அவருக்கே சந்தேகம்.

கொழுந்தியாள் வீடு நாற்பத்தொரு கிலோமீட்டர். முன்பெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னாலே தலைவலி வரும். இப்போது தூரத்து உறவே நல்ல உறவு என்று புரிந்தது. அவள் வீடு மாற்றியபோது பாத்திரம், மெத்தை, மீன் தொட்டி எல்லாவற்றையும் ஒன்பது நடையாக அந்தச் சிவப்பு வண்டியில் ஏற்றியவர் அவரே. சகலை லாரி பிடிக்கலாம் என்று சொன்னபோது, “லாரிக்காரனுக்கு உன் மீனோட அருமை தெரியுமா?” என்று கோபித்துக்கொண்டார்.

பின்சீட்டில் மாமியார் மடியில் பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். காபி தளும்பக்கூடாது. தளும்பினால் புது சீட். ஆகவே கிளட்சை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விட்டார். வேகத்தடை வந்தால் இருபது மீட்டர் முன்னாலேயே, “அத்தை, பிடிச்சுக்கங்க,” என்பார். இரண்டிலிருந்து மூன்றுக்கு வண்டிக்கே தெரியாமல் கியர் மாற்றப் பழகினார். ஒருநாள் மாமியார் போகும்போது ஊற்றிய காபியை வீடு வந்துதான் குடித்து முடித்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நம்மவருக்குப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய சந்தோஷம்.

மகளுக்குப் பதினாலு வயது. நீச்சல் குளத்துக்குப் போக வர ஒன்பது கிலோமீட்டர், தினமும். முதல் வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டாவது வாரம், “அப்பா, எனக்கு முதுகு நீச்சல்தான் பிடிக்கும். மேல பாத்துக்கிட்டே போகலாம்,” என்றாள். பெற்ற மகளுக்கு எந்த நீச்சல் பிடிக்கும் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அன்று அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வேண்டுமென்றே சுற்றுவழியில் வந்தார். கிலோமீட்டருக்காக என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. மறுநாள் ஞாயிறு. மலைக்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடலாம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே நரைத்த மீசை மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார்.

“சார், இந்த வண்டியை வீட்டுல யாரு ஓட்றாங்க? பெரியவங்க யாராவதா?”

“நான்தான். ஏன்?”

“எஞ்சின் ஒரு தடவைகூட நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்தைத் தாண்டலையே சார்!”

“ரன்னிங் இன். நாளையோட முடியுது.”

“அது ஆயிரத்தைந்நூறோட முடிஞ்சு மூணு மாசம் இருக்குமே?”

“ஸ்போர்ட்ஸ் எஞ்சின்யா இது! ஐயாயிரம்.”

மெக்கானிக் மேஜையிலிருந்த கையேட்டை எடுத்து விரித்து நீட்டினார். நம்மவர் அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அப்போதும் எறும்பு. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கின் மூக்குக் கண்ணாடியைக் கடன் வாங்கினார். நாற்பத்தாறாம் பக்கம், மூன்றாவது வரி. ஆயிரத்தைந்நூறு. நாலு சீட்டிலும் ஆள் இருக்க வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை.

“எழுத்து தெரியும்ல சார்?” என்றார் மெக்கானிக், மிகப் பணிவாக. “படிச்சுப் பாத்து ஓட்டக்கூடாதா?”

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஆயிரத்தைந்நூறுன்னு போட்டிருக்கு!”

“ஆமா,” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “நாற்பத்தாறாம் பக்கம்.”

“அப்ப ஐயாயிரம்னு சொன்னே?”

“சொன்னேன். பேச்சுக்கு ஒரு வார்த்தை. நீங்க சிரிச்சிட்டு ‘போடி’ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுக்குக் காரணம் சொன்னது யாரு? பிஸ்டனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது யாரு? பாவம், அந்தப் பல் டாக்டர் நிஜத்தைச் சொன்னார். அவரைப் பால் கேன்னு விரட்டினது யாரு?”

மூன்று கேள்விக்கும் ஒரே விடைதான். அந்த விடை இன்னும் செருப்போடு நின்றது.

“மூவாயிரத்தைந்நூறு கிலோமீட்டர்! அநியாயமா...”

“சரி சரி. நாளைக்குப் போயிட்டு வாங்க. தனியாவே போங்க, யாரும் வரலை. பத்தியம் முடிஞ்சுது.” சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சண்டையில் இப்படிச் சட்டென்று ஜெயித்து அவருக்குப் பழக்கமே இல்லை.

ஞாயிறு விடிகாலை. மலையடிவாரம். முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். உள்ளே உறுமல், வெளியே குளிர். முப்பத்தைந்து வருஷ ஆசை கண்ணெதிரே வளைந்து வளைந்து ஏறிப் போயிற்று. இரண்டாவது கியர் போட்டு, மிதி என்றது மனசு.

கால் மிதிக்கவில்லை. முதல் வளைவுக்கு நாற்பது மீட்டர் முன்னாலேயே வெண்ணெயாக பிரேக்கில் போய் உட்கார்ந்தது. சரி, முதல் வளைவு, பழக்கமில்லை. இரண்டாவதில் பார்க்கலாம். இரண்டாவதில் கை தானாக ஹாரனை அடித்தது. ஐந்தாவதில், “அத்தை, பிடிச்சுக்கங்க,” என்று தாம் சொன்னதைத் தாமே கேட்டார். திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் பெல்ட் மட்டும் இருந்தது.

பதினோராவது வளைவில் ஒரு பால் வண்டி பின்னால் வந்து பொறுமையிழந்து ஒலித்தது. நம்மவர் கையைக் காட்டி ஒதுங்கி வழிவிட்டார். பால் கேன்கள் கலகலவென்று சிரித்துக்கொண்டு தாண்டிப் போயின. அந்த ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, “பாத்து மெதுவாப் போங்க பெரியவரே!” என்று கத்திவிட்டுப் போனான்.

உச்சியில் நிறுத்தினார். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. நல்ல காட்சிதான். “அப்பா, இங்க நீந்த விடுவாங்களா?” என்று கேட்க ஆள் இல்லை. காபியும் இல்லை. பத்து நிமிஷம் நின்று பார்த்தார். ஒன்பதரைக்கு அத்தையின் பயிற்சி என்று ஞாபகம் வந்தது. கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் பிளாஸ்க்கோடும் மகள் நீச்சல் பையோடும் தயாராகக் கீழே நின்றார்கள். மனைவி ஜன்னலருகே குனிந்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

“பறந்தேன்,” என்றார் நம்மவர், முன்கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு. “வளைவெல்லாம் தூள்.”

அவள் கையை உள்ளே நீட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். அப்படி ஒரு பொத்தான் இருப்பது, கையேட்டை முழுவதும் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். திரையில் பெரிய எழுத்து, கண்ணாடியே தேவைப்படாத எழுத்து: இன்றைய சராசரி வேகம், முப்பத்தொன்று.

“வண்டிக்கு ஆயிரத்தைந்நூறு போதுங்க,” என்றாள் மனைவி, தன் அம்மாவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டபடியே. “உங்களுக்குத்தான் ஐயாயிரம் வேண்டியிருந்துச்சு. நல்லாவே பதம் வந்திருக்கு.”