ஆர்லன் வெளியே நின்றால் ஹெக்லண்ட் ஜெயிக்கும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா ஆர்டிஸுக்கு, ஹெக்லண்டிலிருந்து உன் ஒரே தம்பி ஆர்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோரினும் சுகம். பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே உன் உடல்நலமும், அத்தானின் இடுப்பும், கோழிகளும் எப்படி என்று அறிய ஆவல்.

நிற்க. நீ கிறிஸ்துமஸ் அட்டையில் கேட்டிருந்த கேள்விக்கு மார்ச் மாதத்தில் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். "பிரிட்டா கூடைப்பந்தில் இவ்வளவு நன்றாக ஆடுகிறாளாம், நீ மட்டும் அரங்கத்துக்கு வெளியே திருட்டுப் பூனை மாதிரி சுற்றுகிறாயாம், உங்கள் ஊர்க்காரி ஒருத்தி சர்ச் மாநாட்டில் சொன்னாள், என்ன நடக்கிறது அங்கே?" என்று கேட்டிருந்தாய். நடந்ததை அப்படியே சொல்கிறேன். இருபத்தொன்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன்.

நவம்பரில் முதல் மேட்ச். என் மகள் பிரிட்டாவுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம். அதனால் மூன்றாவது வரிசையில் கோரின் பக்கத்தில் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும், நம் அப்பாவின் மாடு கன்று ஈனும்போதே நான் தொழுவத்தை ஒன்பது சுற்றுச் சுற்றுவேன், இப்போது ஆடுவது பெற்ற பெண். இடைவேளையில் நம் பிள்ளைகள் பதினான்கு பாயிண்ட் பின்னால். என் கால் தரையில் தாளம் போடுகிறது, கை கோரினின் விரல்களை நசுக்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில், "பச்சை நிற டிரக்கின் சொந்தக்காரர் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டார்" என்று அறிவிப்பு. என் டிரக்தான். ஓடினேன். பேட்டரி செத்துக் கிடந்தது. உதவிக்கு ஒருவரைப் பிடித்து, கம்பி மாட்டி, வண்டி உறுமுகிற நேரத்தில் உள்ளே பெரிய இரைச்சல் கேட்டது. நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று பாயிண்டில் ஜெயித்திருந்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது, தற்செயல். ஆனால் இரண்டாவது மேட்சிலும் ஒன்பது பாயிண்ட் பின்தங்கியபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் தட்டியது. லோவெல். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறானே, இயற்கணிதத்தில் என்னிடம் இரண்டு முறை ஃபெயிலானவன்.

"சார், உங்க வண்டி லைட் எரியுது."

"இல்லையே, அணைச்சுட்டுத்தானே வந்தேன்."

"எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க சார்."

போனேன். விளக்கு எரியவில்லை. உள்ளே இரைச்சல் மட்டும் கேட்டது, ஜெயித்துவிட்டார்கள். மூன்றாவது மேட்சில் லோவெல் வாயைத் திறக்கக்கூட இல்லை, வரிசை முழுவதும் கால்களை ஒதுக்கி எனக்கு வழி விட்டது. நான் கோரினைப் பார்த்தேன். "போயேன் ஆர்லன்," என்றாள் என் மனைவி, முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். "நீ வெளிய போனா அவங்க ஜெயிக்கிறாங்க, என் விரலும் பிழைக்குது. எனக்கு ரெண்டு பக்கமும் நல்லதுதான்."

அக்கா, டிசம்பருக்குள் இது ஊர்ச் சட்டமாகிவிட்டது. அரங்கத்தின் அடியில் வெந்நீர்க் கொதிகலன் அறை இருக்கிறது, அங்கே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சர்ச் பெண்கள் குடுவையில் சூடான கோகோவும் இஞ்சி பிஸ்கட்டும் அனுப்பினார்கள். காவலுக்குப் பாஸ்டர் ஸ்வென்ட்ரப்! ஆத்துமாவுக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு கதவுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். "பாஸ்டர், நீங்களே மூடநம்பிக்கையை வளர்க்கலாமா?" என்று கேட்டேன். "மூடநம்பிக்கைன்னு யார் சொன்னா ஆர்லன்? பதினொண்ணு தொடர்ந்து ஜெயிச்சிருக்கோம். இது சாட்சியம்," என்றார். வெளியூர் மேட்சுகளுக்கும் விடவில்லை, அணியின் பேருந்துக்குப் பின்னாலேயே டிரக்கை ஓட்டிக்கொண்டு போய் ஏழு ஊர் அரங்கங்களின் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சீசன் முழுவதும் தோற்றது ஒரே ஒரு மேட்ச். அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் போர்த்திப் படுத்திருந்தேன். நான் அரங்கத்துப் பக்கமே போகாமல் தோற்றதால் இனித் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஊர் என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? ஆர்லன் உள்ளேயும் இருக்கக் கூடாது, வீட்டிலும் இருக்கக் கூடாது, வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்!

ஆகவே அக்கா, என் மகளின் ஆட்டத்தை நான் காதால்தான் பார்த்தேன். கொதிகலன் குழாயில் காதை வைத்தால் மேலே காலணிகள் கீச்சிடுவது கேட்கும். பிரிட்டா ஓடுகிற சத்தம் எனக்குத் தனியாகத் தெரிய ஆரம்பித்தது, இரண்டு குட்டை எட்டு, ஒரு நீள எட்டு. குழாய் சுட்டு வலது காது ஒரு வாரம் சிவந்திருந்தது.

பொறுக்க முடியாமல் ஜனவரியில் ஒரு காரியம் செய்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி வாத்தியக் குழுவில் உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் ராட்சச ஊதுகொம்பு ஒன்று உண்டு. அதை வாசிப்பவனுக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள். அவனுடைய சட்டையைப் போட்டு, கொம்புக்குள் நுழைந்து, முகம் தெரியாமல் கடைசி வரிசையில் நின்றுவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆனந்தமாகப் பார்த்தேன். பிறகு குழுத் தலைவர் கோலை நேராக என் பக்கம் நீட்டினார். ஊதாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஊதினேன். அக்கா, கன்று ஈன முடியாத பசு கதறுமே, அந்தச் சத்தம். பந்தை எறியப் போன பிரிட்டா திடுக்கிட்டுத் திரும்ப, பந்து கூடையைத் தாண்டிப் போய் ஒரு பெண்மணியின் பாப்கார்னில் விழுந்தது. லோவெல் எழுந்து நின்று, "கணக்கு வாத்தியாரு கொம்புக்குள்ள இருக்காரு! புடிங்க!" என்று அலறினான். கொம்போடு சேர்த்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மேட்சையும் இரண்டு பாயிண்டில் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத பகுதி இனிமேல்தான். பிரிட்டாவுக்கு எதுவும் தெரியாது. ஆடுகிற பெண்ணின் மனசு கலையக் கூடாது என்று ஊரே வாயை மூடிக்கொண்டது, பாஸ்டர் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தார். கொம்புக்குள் இருந்தது யாரோ ஒரு குடிகாரன் என்று அவளுக்குச் சொல்லி வைத்தார்கள். போன கோடையில் நான் அவளிடம், "பந்தைத் தட்டினது போதும், பட்டம் வாங்கினதுக்கு அப்புறம் என்ன செய்யப் போறே?" என்று கொஞ்சம் கடுமையாகக் கேட்டிருந்தேன். அவள் அதையும் நான் ஒவ்வொரு மேட்சிலும் எழுந்து போவதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து சாப்பிட வந்தவள் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, ஒரு மேட்சாவது முழுசா பாத்தீங்களா?"

"வண்டி லைட்டு..."

"எல்லா மேட்சுக்குமா?"

நான் கோரினைப் பார்த்தேன். கோரின் உப்பு ஜாடியைப் பார்த்தாள். "பரவால்லப்பா," என்று எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று பிற்பகல் பனி அள்ளும் சாக்கில் நம் வீட்டுப் பாதையை மட்டுமல்ல, பக்கத்து மூன்று வீட்டுப் பாதையையும் அள்ளித் தள்ளினேன். அப்படியும் மனசு அடங்கவில்லை.

போன சனிக்கிழமை மதியம் வட்டாரக் கோப்பைக்கான இறுதி ஆட்டம், நம் அரங்கத்திலேயே. கடைசி வருஷப் பெண்கள் ஆட்டத்துக்கு முன்னால் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவே நடந்து வருவது இங்கே வழக்கம். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. நடந்தோம், கைதட்டினார்கள், பூ கொடுத்தேன், அப்புறம் கதவைப் பார்த்துத் திரும்பினேன். பிரிட்டா என் கையை விடவில்லை.

"எங்க போறீங்க?"

"வண்டி லைட்டு, பாப்பா."

"பகல் ரெண்டு மணிக்கா?"

எண்ணூறு பேரும் எங்களையே பார்த்தார்கள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் பாஸ்டருக்குக் கொடுத்த சத்தியம் பறந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன், கொதிகலன், கோகோ, குழாய், கொம்பு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. "அந்தக் குடிகாரன் நீங்களா?" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "எங்கப்பா உள்ளதான் உக்காருவாரு. தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும்!" என்றாள்.

உட்கார்ந்தேன். அக்கா, அந்த ஒன்றரை மணி நேரம் முள்ளின் மேல் இருந்தேன். முதலில் எட்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அது நாலாயிற்று, இரண்டாயிற்று, அப்புறம் பின்னால் போனோம். ஊரின் பார்வை முழுதும் என் பிடரியில். லோவெல் தூரத்திலிருந்து தன் வண்டிச் சாவியை ஆட்டிக் காட்டுகிறான். பாஸ்டர் ஜெபம் செய்கிறார், ஒரு கண் மட்டும் கதவைப் பார்க்கிறது. கோரின் சத்தமில்லாமல் இரண்டு இருக்கை தள்ளிப் போய்விட்டாள். நாற்பது விநாடி பாக்கி, ஒரு பாயிண்ட் பின்னால், கோச் இடைநிறுத்தம் கேட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே எழுந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, என் கால்கள்தான் கதவை நோக்கி நடந்தன. பாதி வழியில் கோச்சைச் சுற்றி நின்ற கும்பலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா! உக்காருங்க!"

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நாலு விநாடி இருக்கும்போது பிரிட்டா பந்தோடு பாய்ந்தாள், எதிரணிப் பெண் இடித்துத் தள்ளினாள், தடுக்க ஆளில்லாமல் எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். இந்த வருஷம் அவள் எறிந்ததில் நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் விழுந்திருக்கிறது. இரண்டும் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டது, அந்த எண்ணை உனக்குச் சொல்ல மாட்டேன். அவள் உள்ளங்கையை இடுப்பில் இரண்டு தரம் தட்டித் துடைத்தாள். அக்கா, கரும்பலகை முன்னால் சாக்பீஸ் தூளை நான் தட்டுகிற அதே தட்டல்! இருபத்தோரு வருஷமாக இது எனக்குத் தெரியாது. முதல் பந்து வளையத்தைச் சுற்றி யோசித்துவிட்டு விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

ஒரு பாயிண்டில் வட்டாரக் கோப்பை. கல்லூரி தொடங்கிய நாள் முதல் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குப் போகிறோம். பிரிட்டா ஓடி வந்து என் மேல் விழுந்தாள், எழுந்திருக்க இருவருக்கும் ஆள் உதவி தேவைப்பட்டது. லோவெல் மூச்சிரைக்க வந்து, "சார், நான் முதல்லேருந்தே சொல்லிட்டிருந்தேன், நீங்க உள்ள இருந்தாதான் ராசின்னு!" என்றான். அவனை ஃபெயிலாக்கியது சரி என்று அன்றைக்குத்தான் மனசு நிம்மதியாயிற்று.

ஆகையால் நம் உறவினர் எல்லாருக்கும் நீ தெளிவாகச் சொல்லிவிடு. ராசி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஜெயித்தது அந்தப் பெண்களின் கால்களும் கைகளும். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதற்கும் பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படித்த குடும்பத்தில் பிறந்தவர்கள் நாம்.

அத்தானுக்கு என் வணக்கம். கென்ட்டுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். தேவன் உன் வீட்டையும் கோழிக் கூண்டையும் குளிரிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு, மூடநம்பிக்கையற்ற உன் தம்பி,
ஆர்லன் டோஸ்டட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் மகன் கென்ட் போன் செய்தான். சனிக்கிழமை நீ கணினியில் மேட்ச் பார்த்தாயாமே! கடைசி நாற்பது விநாடியில் பதற்றம் தாங்காமல் பீட்ரூட் ஊறுகாய் எடுக்கப் போகிறேன் என்று நிலவறைக்குள் இறங்கிவிட்டாயாமே! முதலிலேயே சொல்லக் கூடாதா? அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தேசியப் போட்டியின் முதல் ஆட்டம். ஆட்டம் முடியும் கட்டத்துக்கு முன்னால், நாலே காலுக்கெல்லாம் நீ நிலவறையில் இருக்க வேண்டும். அதே செருப்பு, அதே ஊறுகாய் பாட்டில். கதவை அத்தான் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடட்டும். கோகோ கொடுத்தனுப்ப கோரின் ஏற்பாடு செய்கிறாள்.