சாக்பீஸ் அம்மா வைத்த புள்ளிகள்

திருவண்ணாமலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களிலேயே மலையை அண்ணாந்து பார்க்காத ஒரே ஆள் சாக்பீஸ் அம்மாதான். ஊரே மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவர் மட்டும் இங்கே தங்கிய மூன்று மாதமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, வெந்நீருக்கு வாளி கொடுப்பது. எங்களிடம் தங்கிய அந்த அம்மா கொரியாக்காரர். எல்லோரும் "ஜப்பான் அம்மா" என்பார்கள். அவர் சளைக்காமல் ஒவ்வொருவரையும் திருத்துவார். அங்கே ஒரு நகரத் திட்ட ஆபீசில் வேலை. தெரு எப்படிப் போக வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று படம் போடுவார். போட்ட படமெல்லாம் மேலதிகாரியின் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள, மனம் வெறுத்துத் தியானம் செய்ய வந்திருந்தார்.

தியானம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஏன் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "கண்ண மூடுனா தெரு வர்து சார்" என்றார். லாட்ஜ் வாசலில் பூ விற்ற கன்னியம்மாவிடம் கற்ற தமிழ். அந்த முகத்திலிருந்து "இன்னா சார், கூட்டம் ஜாஸ்தி" என்று வரும்போது புதிதாக வந்தவர்கள் பெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாளே லாட்ஜின் மூன்றாம் படியில் சாக்பீஸோடு உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிறவர் வழி கிடைக்காமல் எங்கே தயங்கி நின்றாலும் சரி, அவர் நகர்ந்ததும் ஓடிப்போய் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். ஆட்டோ ஹாரன் அடிக்கும், மாடு முறைக்கும். புள்ளி வைக்காமல் திரும்ப மாட்டார்.

மறுநாள் விடிந்ததும் நோட்டோடு இறங்கி வந்தவர் வாயைப் பிளந்து நின்றார். ஒருநாள் உழைப்பு முழுவதும் தாமரையும் மயிலுமாக மாறியிருந்தது. கன்னியம்மா பெருமையாகச் சொன்னாள்: "இந்தம்மா புள்ளி வச்சுட்டு, கோலம் போடத் தெரியாம உட்டுட்டாங்க சார். நான் முடிச்சு வச்சேன்."

பஞ்சாயத்து பேசினோம். சாயங்காலத்துக்குள் புள்ளிகளை நோட்டில் எழுதிக்கொள்வது அம்மாவின் பொறுப்பு. காலையில் அவற்றைச் சேர்ப்பது கன்னியம்மாவின் உரிமை. அந்த மூன்று மாதம் எங்கள் வாசலில் விழுந்த கோணல் கோலங்களை வேறெங்கும் யாரும் பார்த்திருக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் கன்னியம்மாவின் பிழைப்புக்கு ஆபத்து வந்தது. பூக்கூடையால் தெருவில் நடக்க வழியில்லை, பூக்காரர்களை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அனுப்புங்கள் என்று எதிர் மிட்டாய்க் கடை முதலாளி மனு எழுதி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாமிக்குப் பூ வாங்க யார் போவார்கள்? நகராட்சி அதிகாரி நேரில் பார்க்க வந்த அன்று, ஊரையே வாயால் அளக்கும் கன்னியம்மா கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நானும் சாவிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சாக்பீஸ் அம்மா நோட்டோடு படியிறங்கினார். "சார், பூ வாங்குறவங்க ஓரமா நின்னு வாங்கினு போய்டறாங்க. இங்க புள்ளி கம்மி. அங்க பாருங்க, ஜாஸ்தி."

அவர் விரல் காட்டிய இடத்தில், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு மிட்டாய்க் கடையின் இரண்டு பெஞ்சும் பஜ்ஜி அடுப்பும் இருந்தன. அதிகாரி நோட்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஜப்பான்காரம்மாவுக்கு நம்ம தெருவப் பத்தி இன்னா சார் தெரியும்?"

"கொரியா" என்றார் அம்மா.

அதிகாரி சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே பெஞ்சுகள் உள்ளே போயின. கன்னியம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

கிளம்பும்போது அதிகாரி விளையாட்டாக, "நீங்க எலெக்‌ஷன்ல நிக்கலாம்மா" என்றார். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"எலெக்‌ஷன்ல ஜெயிச்சா நம்ம படம் பீரோவுக்குள்ள போவாதா சார்?"

"போகாதும்மா" என்று ஒரு பொய் சொன்னேன்.

அப்போது ஊரில் நகராட்சித் தேர்தல் வேறு. ஒரு வாரம் வேட்பாளர்கள் பின்னாலேயே அலைந்து, கும்பிடக் கற்றுக்கொண்டார். ஒத்திகை பார்த்தது என்மேல்தான். சாவி கேட்டாலும் கும்பிடு, வாளி கேட்டாலும் கும்பிடு.

ஊருக்குப் போனவர் வேலையை விட்டார், தேர்தலில் நின்றார், தோற்றார். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் நடுவே ஒரே ஒரு வரி தமிழ்: "பெஞ்ச் போட்டவங்க ஜாஸ்தி." அடுத்த தேர்தலில் ஜெயித்து நகர மன்ற உறுப்பினரானார். ஒரு போட்டோ வந்தது. ஆபீஸ் வாசலில் சாக்பீஸ் கோலம், பின்னால் கும்பிட்டபடி அவர்.

கன்னியம்மா போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "ஒரு புள்ளி உட்டுட்டாங்களே சார்!"

அதை அப்படியே எழுதிப் போட்டேன். பதில் வந்தது: 'மறக்கவில்லை. உங்கள் தெருவில் எல்லோரும் நின்ற இடங்களில் புள்ளி வைத்தேன். நான் இருந்த இடத்தில் மட்டும் வைக்கவில்லை. விட்ட புள்ளி உங்கள் மூன்றாம் படியில்தான் இருக்கிறது.'

படித்துக் காட்டியதும் கன்னியம்மா மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் படியில் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் படியைப் பெருக்க வந்தவளைக் கன்னியம்மா தடுத்துவிட்டாள்.

"அத்த அழிக்காதடி. அது அம்மாவோட எடம்."

மழை வந்தால் அழிந்துதான் போகிறது. ஒவ்வொரு முறையும் நான் திரும்ப வைத்துவிடுகிறேன்.