தேங்காய் அறுநூறு கிராம்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கொல்லிமலையில வாழவந்தி நாட்டுல இருக்கற மச்சான் ஊட்டுக்குப் போயி, எங்க பாப்பாவோட காதுகுத்துப் பத்திரிகைய வெச்சுட்டு வரணும். அவ்வளவுதான்.

பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வெச்சாகணும்.

மச்சான்னா என் சம்சாரம் சாந்தியோட அண்ணன். மலையில மிளகுத் தோட்டத்தக் குத்தகைக்கு எடுத்துப் பாக்கறாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நாங்க புது ஊடு கட்டிப் பால் காய்ச்சுனோம். "எங்கண்ணன நேர்ல போயிக் கூப்புடுங்க"ன்னு சாந்தி தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான் பெரிய புத்திசாலி இல்லீங்களா? வாட்ஸ்அப்ல பத்திரிகைய அனுப்பி, கீழ ரெண்டு கும்புடுற கையும் போட்டுவிட்டேன்.

அன்னைக்கு இருந்து மனுசன் எங்கூட்டு வாசப்படிய மிதிக்கல.

ஆனா காதுகுத்துக்குத் தாய்மாமன் வேணுமே! பாப்பா யார் மடியில உக்காருவா? "எங்கண்ணன் வரலீன்னா காதும் குத்த வேண்டாம், ஒண்ணும் குத்த வேண்டாம்"னு சாந்தி தீர்மானமாச் சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான்.

"சரி, காலைல மொத பஸ்ஸுக்குக் கிளம்பிரலாமுங்க"ன்னா.

"நீ பஸ்ஸுல வா. நான் சைக்கிள்ல வாரேன்"னேன்.

சாந்தி என்னைப் பாத்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் கல்யாணமான எல்லாருக்கும் தெரியும்.

நான் வெச்சிருக்கறது சாதா சைக்கிள் இல்லீங்க. கிராவல் பைக். தார் ரோட்டுலயும் ஓடும், ஜல்லி ரோட்டுலயும் ஓடும், மண் பாதையிலயும் ஓடும். வாங்கி நாலு மாசமா சேந்தமங்கலம் கடைவீதியில மட்டும்தான் ஓடிட்டு இருந்துச்சு. ராத்திரியெல்லாம் வீடியோ பாப்பேன். எங்கயோ கடலோர தேசத்துல, திராட்சைத் தோட்டத்து மேட்டுலயும் ஆத்துப் பள்ளத்துலயும் வெள்ளைக்காரங்க சிரிச்சுக்கிட்டே மிதிச்சுட்டுப் போவாங்க. அங்க திராட்சைக் கொடி, நமக்கு மிளகுக் கொடி. கொடி கொடிதானேன்னு நெனச்சேன்.

"மலையேறி, வேர்வை சிந்தி, என் கையாலயே கொண்டுபோயித் தாம்பூலம் வெச்சாத்தான் உங்கண்ணன் மனசு எறங்கும்"னு ஒரு காரணமும் சொன்னேன். சாந்திக்கே அது கொஞ்சம் சரியாப் பட்டுச்சு. வெத்தலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், தேங்காய், அஞ்சு பத்திரிகை எல்லாத்தையும் பையில போட்டுக் குடுத்தா.

இங்கதான் என் புத்தி வேலை செஞ்சுது.

எங்க சைக்கிள்காரங்களுக்கு எடைதான் எல்லாமே. ஒரு ஸ்குரூவக் கூட எடை போட்டுத்தான் மாட்டுவோம். அடுப்படித் தராசுல தேங்காய வெச்சேன். அறுநூறு கிராம்! எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறப்போற மனுசன் ஒரு தேங்காயச் சுமக்கறதா? சத்தமில்லாம எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். அஞ்சு பத்திரிகை எதுக்கு, கூப்புடறது ஒரு ஆளத்தானேன்னு நாலையும் வெளிய எடுத்தேன். என்ன ஒரு அறிவு!

நாலரை மணிக்குக் கிளம்பி, விடியறப்ப காரவள்ளி அடிவாரம். மொத அஞ்சு வளைவு சிரிச்சுக்கிட்டே ஏறுனேன். ஆறாவதுல சிரிப்பு நின்னுது. பன்னண்டாவதுல சைக்கிளும் நின்னுது.

பின்னாடி வந்த பிக்கப் வண்டிக்காரர் நிறுத்துனாரு.

"ஏனுங்க, செயின் அந்து போச்சுங்களா?"

"இல்லீங்க."

"பஞ்சருங்களா?"

"இல்லீங்க, சும்மா ஓட்டிட்டுப் போறேங்க."

"சும்மாவா?" அவரு என் இறுக்கமான டவுசர, ஹெல்மெட்ட, மூச்சு வாங்கறத எல்லாம் பாத்தாரு. "ஊட்டுல ஏதும் பிரச்சனைங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க!"

"பின்னாடி போட்டுட்டு ஏறுங்க சாமி. காசெல்லாம் வேண்டாம்."

வேண்டாம்னு சொல்லி அனுப்பி வெச்சேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? நாப்பத்தி ரெண்டாவது வளைவுல, சைக்கிளத் தள்ளிட்டு நடந்துட்டு இருக்கறப்ப, பஸ்ஸு தாண்டிப் போச்சு. ஜன்னலோரம் சாந்தி. கை ஆட்டுனேன். அவ சட்டுனு அந்தப் பக்கம் திரும்பி, பக்கத்துல இருந்த அம்மாகிட்ட ஏதோ பேச ஆரம்பிச்சுட்டா. என்னைத் தெரியாதாமா!

மேல ஏறி, சோளக்காடு தாண்டறப்ப மணி ஒம்பது. தார் ரோட்டுலயே போயிருந்தா நேராப் போய்ச் சேந்திருப்பேன். ஆனா கிராவல் பைக்க தார் ரோட்டுல ஓட்டறதுக்கா வாங்குனேன்? போன் மேப்புல ஒரு மண் பாதை தெரிஞ்சுது. வாழவந்தி நாட்டுக்குக் குறுக்கு வழி.

மரவள்ளிக் காட்டுல களை வெட்டிட்டு இருந்த ஒரு அண்ணன்கிட்ட, "இது போகுங்களா?"ன்னு கேட்டேன்.

"போகுங்க. மாடெல்லாம் போகுது."

மாடு போறப்ப நான் போக மாட்டேனா! போனேன். சில்வர் ஓக் மரம், மரத்துல மிளகுக் கொடி, காத்து, எறக்கம். அஞ்சு நிமிசம் நானும் அந்த வீடியோ வெள்ளைக்காரந்தான். வாய்விட்டுப் பாட்டே பாடுனேன்.

அடுத்த திருப்பத்துல ஓடை.

சைக்கிள் இந்தக் கரையில நின்னுது. நான் ஓடை நடுவுல நின்னேன். நின்னேன்னு சொல்றது ஒரு கௌரவத்துக்கு. பையி முழுக்கத் தண்ணி. முழங்கால்ல ரத்தம். மாடுக எப்படித்தான் போகுதுகளோ!

சைக்கிளையும் இழுத்துக்கிட்டு அந்தக் கரை ஏறுனா ஒரு ஓட்டு ஊடு. "அக்கா"ன்னு கூப்புட்டேன், "அண்ணா"ன்னு கூப்புட்டேன், சத்தமே இல்லை. வாசல்ல ஒரு முறம் கெடந்துச்சு. சரி, ரெண்டு நிமிசம் வெயில்ல காய வெச்சுக்கலாம்னு பத்திரிகைய நடுவுல வெச்சு, சுத்தி வெத்தலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம்னு அழகா அடுக்குனேன். எனக்கு எதையும் நேர்த்தியாச் செய்யணும்.

எங்கிருந்தோ ஒரு கோழி வந்து வாழைப்பழத்தக் கொத்துச்சு. "சூ!"ன்னேன். அது பத்திரிகை மேல ஏறுச்சு. பதறிப் போயி முறத்த ரெண்டு கையாலயும் தூக்கிட்டு எந்திரிச்சேன்.

அப்பப் பாத்து கதவு தொறந்துச்சு.

ஊட்டுக்காரரு நிக்கறாரு. அவரு வாசப்படியில. எதுத்தாப்புல நான். என் ரெண்டு கையில தாம்பூலத் தட்டு, மேல பத்திரிகை. மஞ்சள் வேற பளிச்சுனு தெரியுது.

அந்த மனுசன் ஒரு நிமிசம் பாத்தாரு. தோள்ல இருந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு. "பாப்பாத்தி, கையக் கழுவிட்டு வா. பத்திரிகை வெக்க வந்திருக்காங்க"ன்னாரு. அந்தக்கா வந்துச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து நின்னு, ரெண்டு கையாலயும் முறத்த வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

"எங்களையும் மதிச்சு, இந்தப் பள்ளத்துல எறங்கி, அடிபட்டு, ரத்தத்தோட வந்திருக்கீங்களே சாமி! யாரு ஊட்டு விசேசமுங்க?"

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? 'அது உங்களுக்கு இல்லீங்க, கோழிய வெரட்டத் தூக்குனேனுங்க'ன்னா? என் வாயில வந்தது இதுதான்:

"எம்புள்ளைக்குக் காதுகுத்துங்க. குடும்பத்தோட வந்துருங்க."

"கண்டிப்பா வாரோமுங்க! எங்க பங்காளி ஊடுகளுக்கும் சொல்லிப் போடறேன்."

பத்திரிகை போச்சு. தாம்பூலம் போச்சு. அதோட விட்டாங்களா? "பத்திரிகை வெச்சவங்கள வெறுங்கையோட அனுப்பறதா?"ன்னு அந்தக்கா பின்கட்டுக்குப் போயி ஒரு பலாப்பழத்தத் தூக்கியாந்துச்சு. எட்டுக் கிலோவுக்குக் கொறையாது.

"சைக்கிள்ல கேரியர் இல்லீங்களே"ன்னேன், கொஞ்சம் சந்தோசமாவே.

"அதுக்கென்னங்க?"ன்னு ஊட்டுக்காரரு சாக்குல போட்டு, கயித்தால என் முதுகுல இறுக்கிக் கட்டி விட்டாரு. "இந்த மேட்ட ஏறுனா ரோடு வந்துருமுங்க."

ஏறுனேன். எப்படி ஏறுனேன்னு கேக்காதீங்க. முள்ளு முதுகுல குத்தக் குத்த ஏறுனேன்.

மச்சான் ஊட்டு வாசலுக்கு வாரப்ப மணி பத்து இருவது. சாந்தியும் மச்சானும் வெளியவே நின்னாங்க. சாந்தி ஏற்கனவே அழுது முடிச்ச மூஞ்சியோட இருந்தா. மச்சான் மூஞ்சியில ஒண்ணுமே இல்லை. அதுதான் பயமா இருந்துச்சு.

"வாங்க மாப்பிள்ளை"ன்னாரு. "பத்திரிகை வெக்க வாரீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு. எங்கீங்க பத்திரிகை?"

மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கறப்ப மூளை வேலை செய்யறதில்லீங்க. சத்தியமாச் சொல்றேன், யோசிச்சுச் சொல்லல.

"போன்ல இருக்குதுங்க மச்சான். வாட்ஸ்அப்ல அனுப்பட்டுங்களா?"

சாந்தி தலையில கை வெச்சு அப்படியே கல்லு மேல உக்காந்துட்டா.

மச்சான் அசையல. "தாம்பூலம்?"

"வர்ற வழியில வேற ஒருத்தருக்கு வெச்சுட்டேனுங்க."

"யாருக்கு?"

"தெரியலீங்க."

"தேங்காயாச்சும் இருக்குதுங்களா?"

"அத ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க."

"ஏனுங்க?"

"வெயிட்டுங்க. அறுநூறு கிராம்."

"தேங்காய வெச்சுட்டா வந்தீங்க?"ன்னு சாந்தி எந்திரிச்சா. மச்சான் கையக் காட்டி நிறுத்துனாரு. மெதுவா என்னைச் சுத்தி வந்து முதுகுப் பக்கம் பாத்தாரு.

"இதென்னங்க மாப்பிள்ளை?"

"பலாப்பழமுங்க."

"இது வெயிட்டு இல்லீங்களா?"

மொதல்ல அவரு மீசை ஆடுச்சு. அப்புறம் தோள் ஆடுச்சு. அப்புறம் திண்டாடித் திணறி, மிளகு காய வெச்சிருந்த பாய் பக்கத்துலயே உக்காந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. ரெண்டு வருசத்துக் கோவமும் சேத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

"தேங்காய எறக்கி வெச்சுட்டுப் பலாப்பழத்தத் தூக்கிட்டு வந்த ஆளுக்கு என் தங்கச்சியக் குடுத்திருக்கறேன். நானும் வரலீன்னா அந்தப் புள்ளைய யாரு பாத்துக்கறது? வாரேன் போங்க!"

சாந்தி மறுபடியும் அழுதா. இந்த அழுகை வேற. நான் பலாப்பழக் கயித்த அவுக்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மணி பத்து இருவத்தஞ்சு. மச்சான் சம்சாரம் ஓடிப் போயி, அவங்க ஊட்டுத் தட்டு, அவங்க ஊட்டு வெத்தலை, அவங்க ஊட்டுத் தேங்காய எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துச்சு. அதையே நான் அவங்களுக்குக் குடுத்து முறையாக் கூப்புட்டேன். எறங்கறப்ப மச்சானே ஜீப்புல எங்களையும் சைக்கிளையும் கொண்டாந்து விட்டாரு.

காதுகுத்தன்னைக்குப் பாப்பா தாய்மாமன் மடியில உக்காந்து ஊரே கேக்கற மாதிரி கத்துனா. ஓடைக்கரை ஊட்டுக்காரரு சொன்ன சொல் தவறாம ஒரு வேன் நெறைய ஆளுங்களோட வந்து எறங்குனாரு. பந்தியில சோறு பத்தல. ஆளுக்கொரு பலாப்பழம் வேற கொண்டாந்திருந்தாங்க.

சாந்தி இது வரைக்கும் என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க. இப்ப நான் பால் வாங்கச் சைக்கிள எடுத்தாக் கூட பையில ஒரு தேங்காய் இருக்குது. நானும் வாயத் தொறக்காமச் சுமந்துட்டுப் போயிட்டு வாரேன்.