மருமகனுக்கு ஒரு முறைசொல்லி

நான் எதையும் எண்ணாமல் விடுபவன் அல்லன். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஏற ஐம்பத்திரண்டு படிகள்; நேற்றும் எண்ணினேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படிப்பட்டவன் தன் மகளின் கலியாணத்தையே குழப்பப் பார்த்ததை ஒன்பது வருடங்கள் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

மகள் துளசி, லூக்காஸ் என்ற ஜெர்மன்காரரை விரும்பினாள். எனக்கும் மனைவிக்கும் சம்மதம். மனைவியின் தமையனுக்கு இல்லை. டோர்ட்மண்டில் இருந்துகொண்டு ஏழு மாதம் அவர் எங்களோடு பேசவில்லை. "மாமா வராட்டி நான் மணவறையிலை ஏற மாட்டன்" என்று துளசி சொல்லிவிட்டாள். கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்து, ஆளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் இறங்கிவந்தார்.

எனக்குப் பதற்றம். (எப்போது இல்லை என்று மனைவி கேட்பாள்.) யாரை எப்படி அழைப்பது என்று லூக்காஸுக்குத் தெரியாதே! இருபத்தெட்டு வருடம் மென்பொருள் எழுதி ஓய்வு பெற்றவன் வேறு என்ன செய்வான்? ஒன்று எழுதினேன். கைபேசியில் உறவினரின் பெயரைத் தொட்டால், அவரை வரவேற்கும் தமிழ் வசனம் ஜெர்மன் எழுத்தில் வரும். முறைசொல்லி என்று பெயரும் வைத்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முறை என்பது அழைக்கப்படுபவரை மட்டும் பொறுத்ததல்ல, அழைப்பவரையும் பொறுத்தது. மனைவியின் தமையன் எனக்கு மச்சான், லூக்காஸுக்கு மாமா. ஆனால் நான் பழகிய கணினி மொழி, எதைச் செய்வது என்று தீர்மானிக்கும்போது ஒருவரைத்தான் பார்க்கும். இருவரையும் பார்க்கவைக்க வேண்டுமென்றால், "உங்களை எப்படி அழைப்பது?" என்று ஒருவர் கேட்டதும் மற்றவர் உடனே பதில் சொல்லாமல், "கேட்பது யார்?" என்று திருப்பிக் கேட்கும்படி எழுத வேண்டும். இதற்கு டபிள் டிஸ்பாட்ச் என்று பெயர். விசிட்டர் என்ற மென்பொருள் வடிவமைப்பு முறையே இதன்மேல்தான் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைப் பத்தொன்பது முறை கற்பித்திருக்கிறேன். அந்தத் திருப்பிக் கேட்கும் வரியை மறந்தவர்களை எல்லோர் முன்னிலையிலும் ஏசியும் இருக்கிறேன்.

நாற்பத்தாறு உறவினர்கள். நான் அவர்களை எப்படி வரவேற்பேனோ அதை முதலில் பதிந்தேன். பிறகு லூக்காஸுக்கு உரியதையும் பதிந்தேன். ஒவ்வொரு பெயராகத் தொட்டுச் சோதித்தேன். நாற்பத்தாறும் சரி.

சோதித்தவன் நான்; சோதித்தது என் பெயரில்.

ஞாயிறு, பன்னிரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லூக்காஸ் கைபேசியைப் பார்த்து, "இது கொஞ்சம் நீளமாக இருக்கிறதே?" என்று ஜெர்மனில் தயங்கினார். வாசிக்கும் கண்ணாடி என்னிடம் இல்லை. "மரியாதை என்றால் நீளமாகத்தான் இருக்கும்" என்றேன்.

கதவு திறந்தது. ஐம்பத்திரண்டு படி ஏறிய மூச்சோடு மச்சான் நின்றார். லூக்காஸ் கைகூப்பி, தலைகுனிந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"வாடா மச்சான், இன்னும் சாகேல்லையே நீ?"

(நானும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். நாங்கள் இப்படித்தான் பேசுவோம்.)

திருப்பிக் கேட்கும் அந்த ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன். அதனால், யார் தொட்டாலும் கேட்பவன் நான்தான் என்று முறைசொல்லி முடிவு கட்டியிருந்தது. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் அகப்பை விழுந்தது. துளசியின் முகத்தில் இரத்தமே இல்லை. அகப்பை மூன்று தரம் துள்ளிய சத்தத்தை நான் எண்ணினேன்.

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. லூக்காஸிடம் நிதானமாக, ஜெர்மனில் கேட்டார்: "நான் உனக்கு யார்? நீ எனக்கு யார்?"

நான் எழுதாமல் விட்ட கேள்வி அது.

லூக்காஸ் கைபேசியைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டார். துளசி எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்த தமிழில், மெல்லச் சொன்னார்: "நீங்கள் மாமா. நான் மருமகன்."

மச்சான் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். "ஓம், உது சரி" என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "பெடியனுக்கு விளங்குது. இருபத்தெட்டு வருஷமா நீ என்னத்தையடா எழுதிக் கிழிச்சனி?"

மணவறைக்குத் துளசியைக் கூட்டிவந்தது அவர்தான். முறைசொல்லியை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் மனைவி அந்தக் கேள்வியை அழிக்கவில்லை. மருமகன் வரும் ஞாயிறுகளில் நான் முன்னறையில் இருந்து, "ஒரு தேத்தண்ணி தாரும்" என்றால், குசினியில் இருந்து குரல் வரும்:

"கேக்கிறது ஆர்? மருமகனோ, நீங்களோ?"

மருமகன் என்றால் இரண்டு கரண்டி சீனி. சலரோகக்காரனான எனக்கு ஒன்றும் இல்லை. போன மாதம் லூக்காஸின் குரலில் கேட்டுப் பார்த்தேன்.

சீனி இல்லாமல்தான் வந்தது.